மறு: டிபென்டென்சிக்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

சுங்கை சிப்புட் ஆசிரியர்:
தோட்டத்துப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கு நிரலாக்கக் கையேடு அச்சுக்குப் போகிறது. பெரிய மென்பொருளில் வெளியார் எழுதிய நிரலை எடுத்துச் சேர்க்கிறோமே, அந்த டிபென்டென்சிக்குச் 'சார்பு' என்று போட்டிருக்கிறேன். தடை உண்டா?

கோலாலம்பூர் நிரலாளர்:
உண்டு. தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூலில் சார்பு என்றால் ஃபங்ஷன். நிரலிலும் ஃபங்ஷன் வரும் (ஒரு வேலைக்கென்று பெயரிட்டு எழுதும் துண்டு), பிள்ளைகள் குழம்புவார்கள். டிபென்டென்சி என்றே விடுங்கள். வேலைக்குப் போகிற இடத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

தைப்பிங் ஐயா:
அப்படியே விடுவதற்கு இந்தக் கலைச்சொல் குழு எதற்கு? சார்பு என்பது சாய்கிற செயல். நமக்கு வேண்டியது சாய்வதற்கான பொருள். கொடி பற்றிப் படரும் 'கொழுகொம்பு' இருக்கிறதே! கொள், கொளு, கொழு என்று வந்தது என்பது என் கட்சி; மறுப்பவர்கள் வரலாம். அப்புறம், சார்பெழுத்து மூன்று என்றார் தொல்காப்பியர், நன்னூலார் பத்தாக்கினார். சார்பு என்று தொடங்கினால் இப்படித்தான் பெருகும்.

கோலாலம்பூர் நிரலாளர்:
ஐயா, பெருகுவதுதான் இங்கே தொல்லையே. நாம் சேர்ப்பது நாலு. அவை ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை இழுத்து வரும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை, எழுதியவரே என்பிஎம் என்ற பொது நிரல் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதன் பேரைக்கூடக் கேட்டிராதவர்களின் திட்டங்களெல்லாம் பில்ட் ஆகாமல், அதாவது ஓடும் மென்பொருளாகக் கட்டமுடியாமல், நின்றன. கையேட்டில் 'சார்பின் சார்பு' கட்டாயம் வேண்டும். எந்தப் பதிப்பு என்பதைக் கட்டிப்போடும் 'பூட்டுக் கோப்பு'ம் வேண்டும். 'கொழுகொம்பின் கொழுகொம்பு' என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்!

சுங்கை சிப்புட் ஆசிரியர்:
எழுதினேன். கடைசி வரிசைப் பையன், "சார், பயிற்றங்காய்க்கு நட்ட குச்சியா?" என்றான். பொருள் சரிதான், ஆனால் அன்றைய பாடம் அதோடு போயிற்று. ஃபங்ஷனை நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'ஃபுங்சி' என்றுதான் படிக்கிறார்கள். ஆகவே மோதல் தமிழ்நாட்டுக்கு, நமக்கில்லை. செயலா பொருளா என்ற வழக்குக்கு, 'சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்' குறளைப் பாருங்கள். சாரும் இடம், சார்வது இரண்டையுமே ஆகுபெயரால் சார்பு என்று கொள்கிறார் பரிமேலழகர். நான் சார்பையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

கோலாலம்பூர் நிரலாளர்:
சரி, கொடுங்கள். முதல் பக்கத்தில் டிபென்டென்சி என்றும் ஒருமுறை போட்டுவிடுங்கள்.

தைப்பிங் ஐயா:
பரிமேலழகரைக் காட்டினால் நான் என்ன சொல்ல? ஆனாலும் சொல்லடைவில் கொழுகொம்புக்கு ஒரு வரி கொடுத்தால் கையேடு ஒன்றும் கெட்டுவிடாது. சார்பெழுத்து மூன்றா பத்தா என்பதற்கு இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.