விவாதம்: வழக்கறிஞர் சமூக ஊடகத்தில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது தவறா?

காவிரிக்கரை வக்கீல்:
எங்கள் குடும்பத்தில் கறுப்பு அங்கி அணிந்த முதல் ஆள் நான். யூடியூபிலும் லிங்க்ட்இன்னிலும் சட்டத்தைப் பற்றித் தமிழில் தொடர்ந்து பேசியும் எழுதியும் வருகிறேன். இதைப் பார்த்த மூத்த வழக்கறிஞர் ஒருவர், வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதியை நினைவூட்டி, நோட்டீஸ் வரும் என்று எச்சரித்தார். வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்குத் தேடிப் போகக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்பது அந்த விதி. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டுத் திருத்தம் வலைத்தளம் வைத்துக்கொள்ள இடமளித்தது. ஆனால் பெயர், முகவரி, தொடர்பு விவரம், பதிவு விவரம், கல்வித் தகுதி, எந்தத் துறையில் வழக்கு நடத்துகிறார் என்பது ஆகியவற்றோடு அது நின்றுவிட்டது.

இந்த விதி எல்லோரையும் ஒன்றுபோல் கட்டுப்படுத்துகிறதா என்பதே என் கேள்வி. தாத்தா காலத்துப் பெயர்ப்பலகை தொங்கும் வீட்டில் பிறந்தவர் ஒரு வார்த்தை பேசாமலே ஊருக்குத் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். ஊரில் யாரையும் தெரியாமல் தொழிலுக்கு வந்தவர் வாய் திறந்தால் அது விளம்பரம் ஆகிவிடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இலேயே வழக்கறிஞர் விளம்பரத்துக்கான முழுத் தடையைத் தள்ளுபடி செய்தது. இங்கிலாந்திலும் 1984 முதல் சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்கிறார்கள். நாம் மட்டும் ஏன் தயங்குகிறோம்?

எழும்பூர் சீனியர்:
தம்பி, தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. பம்பாய் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் வந்து நின்றவர்களைச் சூழ்ந்துகொண்டு, வழக்கைப் பறிப்பதற்காக வழக்கறிஞர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்ட செய்தி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975இல் அந்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய வரிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். இன்று அந்த வாசல் செல்பேசிக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டத்தை விளக்குவதை நான் குறை சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்த மறுநிமிடம் கட்சிக்காரரின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்து, பின்னணி இசையுடன் ரீல்ஸ் போடுகிறார்களே, அதைச் சொல்கிறேன். அந்த ஆள் நாளைக்கு விடுதலையே ஆனாலும், குற்றவாளியாக அவர் முகம் இணையத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். படம் எடுக்கும்போது அவர் சம்மதித்தார் என்பீர்கள். சிறை வாசலில் நிற்பவர், வெளியே கொண்டுவந்த வக்கீலிடம் வேண்டாம் என்று சொல்வாரா?

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இது வணிகம் அல்ல, சேவை என்று சொல்லி, இணையத் தளங்கள் வழியாக வழக்குப் பிடிக்கும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் பார் கவுன்சிலே, நடிகர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் வைத்து விளம்பரம் செய்வதைக் கண்டித்து அறிக்கை விட்டது. இவ்வளவுக்குப் பிறகும் விதி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

திருப்பூர் பனியன் வியாபாரி:
வக்கீல் ஐயாக்கள் இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் கட்சிக்காரர் பக்கம். எனக்கு வந்த காசோலை ஒன்று பணமில்லை என்று வங்கியிலிருந்து திரும்பியது. வங்கி தகவல் கொடுத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதை ஒரு தமிழ்க் காணொளியில்தான் தெரிந்துகொண்டேன். அது இல்லையென்றால், பார்ட்டி அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்வதை நம்பிக்கொண்டே கெடுவைத் தவறவிட்டிருப்பேன். இதற்காக அந்த வக்கீலைத் தண்டிப்பது என்றால் எனக்குப் புரியவில்லை.

ஆனால் நோட்டீஸ் அனுப்ப நான் போனது வேறொருவரிடம். பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்த்துப் போனேன். முன்பணம் கட்டியபின் அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. ஜூனியர் ஒருவர் தயாரித்த நோட்டீஸில் காசோலை எண்ணே தவறாக இருந்தது. நானே பார்த்துத் திருத்தச் சொன்னேன். கேமரா முன்னால் நன்றாகப் பேசுகிறவர் நீதிமன்றத்திலும் நன்றாக வாதாடுவார் என்று எங்களைப் போன்றவர்கள் நினைத்துக்கொள்கிறோம்.

காவிரிக்கரை வக்கீல்:
அண்ணன் சொன்ன இரண்டு வக்கீல்களையும் விதி ஒரே தட்டில் வைக்கிறது என்பதுதான் என் வருத்தம். கெடுவைச் சரியாகச் சொன்னவர் காணொளியின் கீழே தம் வலைத்தள முகவரியைப் போட்டிருந்தால், அவரும் மறைமுகமாக வழக்குத் தேடியவராகிவிடுவார். சீனியர் சொல்லும் ஜாமீன் ரீல்ஸை நானும் ஆதரிக்கவில்லை. கட்சிக்காரர் முகம், நடக்கும் வழக்கு, வெற்றிக் கணக்கு ஆகிய மூன்றையும் தடை செய்துவிட்டு மற்றதை அனுமதிக்கலாமே. எல்லாவற்றையும் தடுக்கும் விதியால் எதையும் தடுக்க முடிவதில்லை. யார் மீது புகார் வருகிறதோ அவர் மட்டும் மாட்டிக்கொள்கிறார், புகாரும் பெரும்பாலும் பொறாமையில்தான் வருகிறது.

எழும்பூர் சீனியர்:
முதல் தலைமுறையினரின் கஷ்டத்துக்கு மருந்து வேறிடத்தில் இருக்கிறது. நான் சொன்ன அதே அமர்வுதான் 2024 ஜூனில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்றது. நல்ல சேம்பரில், அதாவது ஒரு சீனியரின் அலுவலகத்தில், சில ஆண்டுகள் உட்கார்ந்து வரைவு எழுதக் கற்றவரைத் தேடிக் கட்சிக்காரர் தாமாக வருவார். அமெரிக்காவில் விளம்பரத்தைத் திறந்துவிட்டதன் பலன், நெடுஞ்சாலை ஓரமெல்லாம் விபத்து வழக்கறிஞர்களின் படங்கள். அதுவா நமக்கு வேண்டும்?

காவிரிக்கரை வக்கீல்:
அந்த உத்தரவு எத்தனை சேம்பர்களில் நடைமுறைக்கு வந்திருக்கிறது, ஐயா? பேருந்துக் காசோடு நிறுத்திக்கொள்ளும் சீனியர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். உதவித்தொகையும் இல்லை, பேசவும் கூடாது என்றால், முன்னோர் வக்கீலாக இல்லாதவர் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வார்? மேலும், அமெரிக்காவின் அந்த 1977 வழக்கு விபத்து விளம்பரம் பற்றியதே அல்ல. அரிசோனாவில் இரண்டு வழக்கறிஞர்கள், எளிய வழக்குகளுக்கு இன்ன கட்டணம் என்று பத்திரிகையில் வெளியிட்டார்கள். அதைத்தான் நீதிமன்றம் பாதுகாத்தது.

திருப்பூர் பனியன் வியாபாரி:
இதைத்தான் நான் கேட்க நினைத்தேன். நீங்கள் முதலில் எழுதிய 2008ஆம் ஆண்டுப் பட்டியலில் பதிவு விவரம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, கட்டணம் இல்லை. நான் பார்த்த காணொளிகளிலும் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

எழும்பூர் சீனியர்:
வழக்குக் கட்டைப் பார்க்காமல் கட்டணம் சொல்வது முடியாத காரியம். ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு விதம்.

திருப்பூர் பனியன் வியாபாரி:
பெரிய வழக்குக்குச் சரி, ஐயா. காசோலை நோட்டீஸுக்கு நான் விசாரித்த இடங்களில் எல்லாம் கட்டைப் பார்க்காமலே ஒரு தொகை சொன்னார்கள்; ஆனால் நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் சொன்னார்கள். அதை முன்கூட்டியே எழுதி வைப்பதை எந்த விதி தடுக்கிறதோ, அந்த விதி என்னைப் பாதுகாப்பதற்காக வந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.