நெருப்புக்கோழியின் சூலகத்தில் கார்ப்பஸ் லூட்டியம் போன்ற செல் திரள்கள்: இவை யாவை?

கேள்வி
வணக்கம். பருவமெய்தாத, ஏறத்தாழ 14 மாத வயதுடைய நெருப்புக்கோழி ஒன்றின் சூலகத்தைப் பாரஃபினில் பதித்து, ஹிமடாக்சிலின்-இயோசின் சாயமேற்றி ஆராய்ந்து வருகிறேன். புறணியில் (சூலகத்தின் வெளிப்பகுதியில்) சிறு நுண்ணறைகள், அதாவது முட்டைச்செல்லைச் சூழ்ந்த பைகள், நெருக்கமாக உள்ளன. அவற்றுக்கிடையே வெளிறிய, நுரைத்த சைட்டோபிளாசம் கொண்ட பெரிய செல்கள் ஆங்காங்கே திரண்டிருக்கின்றன. சில திரள்களின் நடுவே இளஞ்சிவப்பில் மடிந்து சுருங்கிய பட்டை ஒன்றும் தெரிகிறது. பாலூட்டிகளின் கார்ப்பஸ் லூட்டியத்தை (முட்டை வெளியேறிய நுண்ணறையில் உருவாகும் தற்காலிகச் சுரப்பியை) பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை அதைப் போலவே தோன்றுகின்றன. அவ்வாறு குறிப்பிடலாமா?

மறுமொழி 1
குறிப்பிட வேண்டாம். பறவைகளில் கார்ப்பஸ் லூட்டியம் உருவாவதில்லை. கருவை உடலுக்குள் வளர்க்காத உயிரினத்துக்குக் கர்ப்பத்தைக் காக்கும் அத்தகைய சுரப்பிக்குத் தேவையுமில்லை. அதோடு, உங்கள் பறவை முட்டையே வெளியிட்டதில்லை. நெருப்புக்கோழி பருவமெய்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும்.

நீங்கள் காண்பவை பெரும்பாலும் முட்டையை வெளியிடாமலே சிதைவுறும் நுண்ணறைகளே. நலமான நுண்ணறையின் சுவரை உள்ளிருந்து வெளியே வரிசையாகப் பார்த்தால், முட்டைச்செல்லைச் சூழ்ந்த பெரிவைட்டலைன் படலம், கிரானுலோசா எனும் செல் அடுக்கு, அடித்தளப் படலம், அதன் வெளியே உறையாக அமைந்த உள் தீக்கா, கொலாஜன் மிகுந்த வெளித் தீக்கா என்று அமைந்திருக்கும். பாலூட்டிகளில் உள்ளதைப் போன்ற திரவக் குழி இதில் கிடையாது. சிதைவின்போது முட்டைச்செல் சுருங்குகிறது, பெரிவைட்டலைன் படலம் மடிகிறது (உங்கள் இளஞ்சிவப்புப் பட்டை இதுவாக இருக்கலாம்), கிரானுலோசா செல்களின் உட்கருக்கள் அடர்ந்து இறுகி, செல்கள் உதிர்கின்றன. ஆனால் உள் தீக்காவின் கொழுப்பு நிறைந்த சுரப்பிச் செல்கள் எஞ்சி, இடைத்திசுச் சுரப்பித் திரள்களாக நிலைத்துவிடுகின்றன. ஆரம்பநிலையினர் பலரும் தடுமாறுவது இந்தத் திரள்களில்தான்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. அடுத்ததாக முட்டையிடும் ஈமு ஒன்றின் சூலகத்தையும் பார்க்கவிருக்கிறேன். அதில் முட்டை வெளியேறிய நுண்ணறையை, சிதைவுற்றதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

மறுமொழி 2
வெளியேறிய நுண்ணறை உள்ளீடற்ற கிண்ணம் போன்றது. ஸ்டிக்மா பகுதியில் (முட்டை வெளியேற நுண்ணறைச் சுவர் பிளக்கும் பட்டையில்) பிளந்த வாய் இருக்கும். மஞ்சள் கரு நீங்கியதால் சுவர் தடித்து மடிப்பு மடிப்பாக இருக்கும். உட்புறத்தில் கிரானுலோசா அடுக்கு இருக்கும். பெரிவைட்டலைன் படலம் முட்டையோடு சென்றுவிடுவதால் உள்ளே காணப்படாது. இதையே நான் முதலில் தேடுவேன். இது தற்காலிக அமைப்பு எனினும் பயனற்றதன்று: கோழிகளில் இதை அகற்றினால், அடுத்து முட்டையிடுவது தாமதமாகிறது.

உறுப்பை எடுக்கும்போது இடப்புறத்தில் தேடுங்கள்; ஈமுவிலும் நெருப்புக்கோழியிலும் இடது சூலகமே செயற்படுகிறது. இவற்றின் உறவினமான கிவியில் மட்டும் இரு சூலகங்களும் வேலை செய்வது ஒரு விந்தை.

மறுமொழி 3
செய்முறை பற்றி ஒரு குறிப்பு. நீங்கள் கண்ட நுரைத்த தோற்றம், பாரஃபினில் பதிக்கும் முன் பயன்படும் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிட்டதால் எஞ்சிய வெற்றிடமே. அந்தச் செல்களில் கொழுப்பு இருந்ததை உறுதிசெய்ய, உறைநிலைத் துண்டங்களில் (திசுவை உறையவைத்து வெட்டியவற்றில்) கொழுப்பைக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயமேற்றுங்கள். மஞ்சள் கரு நிறைந்த பெரிய நுண்ணறைகளை முழுதாகப் பாரஃபினில் பதிக்காதீர்கள். மஞ்சள் கரு இறுகி நொறுங்கி, கத்திபட்டதும் துண்டத்தையே கிழித்துவிடும். சுவரை மட்டும் சிறு கீற்றுகளாக வெட்டியெடுத்து, அவற்றைப் பதியுங்கள்.