ஏழு பேர் குடும்பத்துடன் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் முகாம் பயணம்: வழியும் தங்கலும் உணவும் பற்றி ஆலோசனை வேண்டும்

கேள்வி: காரைக்குடி, செக்காலையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் மகன் மனைவி மக்களுடன் சிகாகோ அருகே வசிக்கிறான். வரும் ஜூன் மாதம், பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், நானும் என் மனைவியும் என் தாயாரும் அங்கே செல்கிறோம். நகரங்களைச் சுற்றுவதைவிட அந்நாட்டின் மலைகளையும் காடுகளையும் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அதிலும் விடுதிகளில் தங்காமல், பூங்காக்களுக்குள்ளேயே கூடாரம் அடித்து, நாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, சாலை வழியாகவே நாட்டைக் கடக்க வேண்டும் என்று மூத்த பேரன் விடாப்பிடியாக இருக்கிறான்.

மகன் போட்டு வைத்திருக்கும் வழி இது: சிகாகோவில் புறப்பட்டு தெற்கு டகோட்டாவின் பேட்லாண்ட்ஸ், பிறகு வயோமிங்கில் யெல்லோஸ்டோனும் கிராண்ட் டீட்டனும், அங்கிருந்து யூட்டாவின் ஆர்ச்சஸ், அரிசோனாவின் கிராண்ட் கேன்யன், முடிவில் லாஸ் ஏஞ்சலஸ். அவனுக்கு இரண்டு வாரம்தான் விடுப்பு கிடைக்கும்.

என் தாயாருக்கு வயது 74. நாள்தோறும் கொப்புடையம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறவர். ஆனால் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவரையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் இவ்வளவையும் பார்க்க முடியுமா, கூடாரமா அல்லது படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார் இல்லமா, ஊரிலிருந்து என்னென்ன உணவுப்பொருள் கொண்டுபோகலாம், கரடிகள் உள்ள இடத்தில் சமைத்துச் சாப்பிடுவது பாதுகாப்பானதா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: சொந்த ஊர் தேவகோட்டை, இருப்பு டென்வர்

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். முதலில் வழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சரியானால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும். தங்கள் மகன் போட்டிருக்கும் வழியில் பூங்காவுக்குப் பூங்கா உள்ள தொலைவை மட்டும் கூட்டினாலே ஏறத்தாழ 4,500 கி.மீ. வருகிறது. சிகாகோவிலிருந்து பேட்லாண்ட்ஸ் மட்டும் சுமார் 1,450 கி.மீ.; காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் சென்னைக்குப் போனாலும் அவ்வளவு தொலைவு ஆகாது. பூங்காவுக்குள் ஓட வேண்டிய தொலைவு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

1872ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட யெல்லோஸ்டோன் ஏறத்தாழ 8,980 சதுர கி.மீ. பரப்புடையது, அதாவது நம் சிவகங்கை மாவட்டத்தைப்போல் இருமடங்குக்கும் மேல். எட்டு என்ற எண்ணைப்போல் வளைந்து செல்லும் அதன் உட்சுற்றுச் சாலை 228 கி.மீ. நீளம்; அதில் மணிக்கு 72 கி.மீ.க்கு மேல் ஓட்டக்கூடாது. காட்டெருமைக் கூட்டம் சாலையில் இறங்கிவிட்டால் அவை நகரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெந்நீர் ஊற்றுகளும் சேற்றுக் குமிழிகளுமாக அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புவிவெப்ப அமைப்புகள் உள்ளன. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்னும் வெந்நீர்ப் பீச்சூற்று ஒருமுறை எழுந்தபின் மறுபடி எழுவதற்கே சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆகும். இந்தப் பூங்காவில் நான்கு இரவாவது தங்காவிட்டால் பார்த்ததாகவே ஆகாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே ஆர்ச்சஸையும் கிராண்ட் கேன்யனையும் விட்டுவிட்டு, பேட்லாண்ட்ஸ், யெல்லோஸ்டோன், அதையடுத்தே இருக்கும் கிராண்ட் டீட்டன் ஆகிய மூன்றோடு நிறுத்தி, சால்ட் லேக் சிட்டியில் விமானம் ஏறுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மோட்டார் இல்லம் சொகுசானது. குடும்பப் பெரியவர்களுக்கு உள்ளேயே கழிப்பறை இருப்பது பெரிய வசதி. ஆனால் பெரிய வண்டிகள் லிட்டருக்கு 4 கி.மீ. அளவுதான் ஓடும், ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டால் தனிக்கட்டணமும் உண்டு. ஏழு பேர் அமரும் வேன் ஒன்றும், இளையவர்களுக்குக் கூடாரமும், அம்மாவுக்கு வாய்ப்புள்ள இடங்களில் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் மரக்குடிலும் என்று கலந்து எடுப்பதே நல்லது.

முன்பதிவில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். கிராண்ட் கேன்யனின் மேதர் முகாமில் ஓர் இடத்துக்கு 6 பேர்தான் வரம்பு. வேறு பல பூங்காக்களிலும் இதுவே வழக்கம். நீங்கள் ஏழு பேர், ஆகையால் அடுத்தடுத்து இரண்டு இடங்கள் பிடிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான முகாம்களுக்கு, அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதத்துக்கு முன்னரே பதிவு திறக்கும். ஜூன், ஜூலை நாள்கள் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோவதும் உண்டு. யெல்லோஸ்டோனில் மேடிசன், கேன்யன், கிராண்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே, ஃபிஷிங் பிரிட்ஜ் ஆகிய ஐந்தும், அவற்றை நடத்தும் ஒப்பந்த நிறுவனத்தின் தனித் தளத்தில் அதற்கும் வெகு முன்பாகவே திறந்துவிடும். இவற்றுள் ஃபிஷிங் பிரிட்ஜில், கரடி நடமாட்டம் காரணமாக, கெட்டியான சுவருள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. துணிக்கூடாரம் அடிக்க முடியாது.

நுழைவுக் கட்டணமும் 2026 ஜனவரி 1 முதல் மாறியிருக்கிறது. ஆண்டுச் சீட்டு அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். அந்தச் சீட்டு இல்லாத வெளிநாட்டவர், 16 வயதோ அதற்கு மேலோ ஆனவராயின், மிகுதியாகக் கூட்டம் வரும் 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. எந்தச் சீட்டு தங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பூங்காச் சேவையின் தளத்தில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.


பதில் 2: கானாடுகாத்தானிலிருந்து

அண்ணன் அவர்களுக்கும் அண்ணிக்கும் வணக்கம். மகள் குடும்பத்தோடு அந்தப் பக்கப் பூங்காக்களில் கூடாரத்தில் தங்கிச் சமைத்தவள் என்ற முறையில் அடுப்படி பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் மூன்றை அறவே தவிர்த்துவிடுங்கள். உப்புக்கண்டம் முதலிய எந்த இறைச்சிப் பொருளையும் அந்நாட்டுச் சுங்கத்தில் விடமாட்டார்கள். கறிவேப்பிலைக்கும் தடை, ஏனென்றால் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையோடு வரக்கூடும். பேரப்பிள்ளைகளுக்குக் கவுனி அரிசி கொண்டுபோக அண்ணிக்கு ஆசையாக இருக்கும். தானியத்தைத் தின்னும் ஒருவகை வண்டின் காரணமாக நம் நாட்டிலிருந்து பயணிகள் எந்த அரிசியையும் கையில் கொண்டுபோகக்கூடாது. சிகாகோவின் டெவான் அவென்யூவில் நம் நாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரிசியையும் பருப்பையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அரைத்த மசாலாப் பொடி, இட்லிப் பொடி, தேன்குழல், சீப்புச் சீடை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, படிவத்தில் உணவுப்பொருள் இருப்பதை மறைக்காமல் குறித்து, கேட்டால் பிரித்துக் காட்டுங்கள்.

குக்கரைக் கட்டாயம் கொண்டுபோங்கள். யெல்லோஸ்டோன் ஏரிக்கரை கடல்மட்டத்துக்கு மேல் 2,357 மீட்டர். நம் ஊட்டியைவிடச் சற்று உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு மசிய வெகு நேரமாகும், எரிவாயுதான் வீணாகும். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் அந்தத் தொல்லை குறையும். அடுப்பும் சிறு எரிவாயு உருளைகளும் அங்கேயே எளிதாகக் கிடைக்கும். உருளையை விமானத்தில் ஏற்ற முடியாது. விறகை மட்டும் முகாமுக்கு அருகில் வாங்குங்கள். தொலைவிலிருந்து கொண்டுவரும் விறகில் மரப்பூச்சிகள் தொற்றி வரும் என்பதால் பல பூங்காக்களில் அதை அனுமதிப்பதில்லை.

கரடியைப் பற்றிய அச்சம் நியாயமானது, ஆனால் ஒழுங்காக இருந்தால் அச்சத்துக்கு இடமில்லை. கரடிக்குப் பசியைவிட மூக்கு கூர்மை. சாப்பிட்டு முடித்த உடனே மிச்சம் மீதி, எண்ணெய் படிந்த பாத்திரம், மசாலா டப்பா, குப்பை, ஏன், பற்பசையும் சோப்பும் உட்பட மணமுள்ள எல்லாவற்றையும் முகாமில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியிலோ கண்ணாடி ஏற்றிப் பூட்டிய வண்டியிலோ வைத்துவிட வேண்டும். இந்த விதி பூங்காவுக்குப் பூங்கா வேறுபடும். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் இரவில் வண்டிக்குள்ளும் உணவை வைக்கக்கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கூடாரத்துக்குப் பின்னால் ஊற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே அதற்கென்று உள்ள தொட்டியில்தான் ஊற்ற வேண்டும். தாளிக்கும்போது உடுத்தியிருந்த துணியோடு கூடாரத்துக்குள் படுக்காமல், அதையும் வண்டியில் போட்டுவிடுங்கள்.

நம் சமையலை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காரக்குழம்பும் சுட்ட அப்பளமும் அந்தக் குளிரில் எவ்வளவு சுகமாக இருக்கும் என்பது சாப்பிட்டால்தான் தெரியும். ஆனால் ஒரு வேளைக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று நிறுத்தி, இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டு அடுப்படியை மூடிவிட வேண்டும். பழனிக்கு நடந்து போகும் நம்மவர்கள் அன்றன்றைய தங்கலில் ஆக்கி, உண்டு, பாத்திரத்தைக் கட்டி வைத்துவிட்டுப் படுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதாகவும் இராது. கரடிக்கு 91 மீட்டரும் காட்டெருமைக்கு 23 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். யெல்லோஸ்டோனில் மற்ற விலங்குகளைவிடக் காட்டெருமையே மிகுதியான பேரைக் காயப்படுத்தியிருக்கிறது; மந்தையில் மேயும் மாடுபோல் சாதுவாகத் தெரிவதால் பிள்ளைகள் அருகே போய்விடுவார்கள், அதில்தான் கண்ணாக இருக்க வேண்டும்.


பதில் 3: பள்ளத்தூரிலிருந்து ஒரு மருத்துவர்

ஐயா, தங்கள் தாயார் நாள்தோறும் நடக்கிறார் என்பதே பெரிய பலம். அந்த உயரம் பெரும்பாலோருக்குத் தாங்கக்கூடியதுதான். முதல் இரண்டு நாள் ஏற்றமான பாதைகளைத் தவிர்த்துத் தண்ணீர் நிறையக் குடித்தால் போதும். இன்சுலினில்தான் கவனம் தேவை. யெல்லோஸ்டோனில் ஜூன் இரவுகளில் வெப்பநிலை உறைநிலை வரை இறங்கக்கூடும்; ஒருமுறை உறைந்த இன்சுலினை மறுபடி பயன்படுத்தக்கூடாது. பகலில் வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் வைத்தாலும் அது கெட்டுவிடும். ஆகவே பகலில் குளிர்காப்புப் பையில் பனிக்கட்டியின்மேல் நேரடியாகப் படாமலும், இரவில் படுக்கைக்குள் உடலை ஒட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில்தான் அது இருக்க வேண்டும். மருத்துவரின் சீட்டும் உடன் இருக்கட்டும். காப்பீடு எடுக்கும்போது, முன்பே உள்ள நோய் திடீரென்று தீவிரமானால் அதற்கும் பொருந்துமா என்று படித்துப் பார்த்து எடுங்கள். யெல்லோஸ்டோனுக்குள் மாமத், ஓல்ட் ஃபெய்த்ஃபுல், லேக் ஆகிய மூன்று இடங்களில் கோடையில் மருத்துவ நிலையங்கள் இயங்குகின்றன. பல பகுதிகளில் கைப்பேசி எடுக்காது என்பதால் அவற்றின் இருப்பிடத்தைக் காகித வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.


பதில் 4: புதுவயலிலிருந்து

தேவகோட்டை அன்பருடைய கருத்தில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் கிராண்ட் கேன்யனை விடச் சொல்வதை ஏற்க இயலவில்லை. 74 வயதில் கடல் கடந்து போகும் ஒருவர் இன்னொரு முறை போவார் என்று வைத்துக்கொண்டு திட்டமிடக்கூடாது. முதியவர்கள் நடை வருந்தாமல் பார்க்கக்கூடிய பூங்கா என்றால் அதன் தென்விளிம்புதான்: விளிம்பை ஒட்டிய பாதை பெரும்பாலும் சமமாகவும் தளமிடப்பட்டும் இருக்கிறது, கட்டணமில்லாப் பேருந்துகள் ஓடுகின்றன, ஜூன் மாதத்தில் பள்ளத்தாக்கின் அடிவாரம் 40 டிகிரியைத் தாண்டிக் கொதித்தாலும் விளிம்பில் சுமார் 27 டிகிரிதான் இருக்கும். சால்ட் லேக் சிட்டியிலிருந்து லாஸ் வேகாஸுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து 450 கி.மீ. வண்டியில் சென்றால் இரண்டு இரவு தங்கிப் பார்த்துவிடலாம். ஆர்ச்சஸை மட்டும் விடுங்கள். கோடையில் அங்கே வெயில் பல நாள் 37 டிகிரியைத் தாண்டிவிடும், நிழலும் குறைவு.


கேட்டவர் மீண்டும்: காரைக்குடி, செக்காலை

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மகனோடும் மருமகளோடும் பேசி முடிவு செய்துவிட்டோம். பேட்லாண்ட்ஸில் ஓர் இரவு, யெல்லோஸ்டோனில் ஐந்து இரவு, கிராண்ட் டீட்டனில் இரண்டு இரவு. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் கூடாரத்தில். நாங்கள் மூவரும் குடிலில். ஆர்ச்சஸையும் லாஸ் ஏஞ்சலஸையும் எடுத்துவிட்டோம். புதுவயல் அன்பர் எழுதியதை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். கிராண்ட் கேன்யனைப் பார்த்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டார், ஆகவே சால்ட் லேக் சிட்டியில் வேனை விட்டுவிட்டு லாஸ் வேகாஸ் வழியாக அங்கே போகிறோம். உப்புக்கண்டமும் கவுனி அரிசியும் பெட்டியிலிருந்து இறங்கிவிட்டன. இன்னும் ஒரே ஓர் ஐயம்: மேடிசன் முகாமில் நாங்கள் கேட்கும் நாள்கள் ஏற்கெனவே நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறது. வேறு வழி உண்டா?


பதில் 5: டென்வரிலிருந்து

உண்டு, அண்ணே. ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்தவர்களில் பலர் பயணம் நெருங்கும்போது திட்டத்தை மாற்றிக் கைவிடுவார்கள். அந்த இடங்கள் உடனே தளத்துக்குத் திரும்பி வரும். ஒப்பந்த நிறுவனத்தின் தளத்தைக் காலையிலும் இரவிலும் பார்த்துக்கொண்டே இருக்க மகனிடம் சொல்லுங்கள். ஐந்து இரவும் சேர்ந்தாற்போல் தேடாமல் ஒவ்வோர் இரவாகத் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. இரண்டு இரவு மேடிசனிலும் மூன்று இரவு கேன்யன் முகாமிலும் கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஏனென்றால் ஒன்று மேற்குப் பக்கப் பீச்சூற்றுகளுக்கு அருகிலும் மற்றொன்று அருவிகளுக்கும் ஹேடன் பள்ளத்தாக்குக்கும் அருகிலும் இருக்கிறது. தினமும் பாதிப் பூங்காவைக் கடக்க வேண்டியதில்லை. ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் உள்ள முகாம்களுக்கு, இடம் காலியானால் அறிவிப்பு அனுப்பும் வசதியையும் போட்டு வையுங்கள். மேதர் முகாமுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். உங்கள் தேதிக்கான பதிவு திறக்கும் நாளைக் குறித்து வைத்து, அன்றைக்கே இடத்தை எடுத்துவிடுங்கள்.