மூட்டுக்குள் இடைவெளி விழுவதற்கு ஒரு சொல்

கோத்தகிரி ஆசிரியை:
குழும நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். என்னிடம் விலங்கியல் படித்த பெண் ஒருத்தி, கருவிலிருக்கும் பிள்ளையின் எலும்பு வளர்ச்சியில் அசைவுக்கும் விசைக்கும் உள்ள பங்கைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். விடுப்பில் வந்தவளைப் பிடித்து, ப்ளஸ் டூ தமிழ்வழி வகுப்புக்கு ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறேன். படங்களுக்குத் தமிழில் பெயர் எழுதுவது என் பாடு.

ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டேன். கால் முதலில் குருத்தெலும்பாக, முழங்காலில் பிரிவே இல்லாமல் உருவாகிறது. பிறகுதான் அங்கே கீற்றுப் போல ஓர் இடைவெளி விழுகிறது. அதை ‘ஜாயின்ட் கேவிடேஷன்’ என்கிறார்கள். தசை இழுத்து அசைத்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். கோழி முட்டைக்குள் தசையை முடக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். மூட்டு திறக்காமல் இரு பக்கமும் ஒட்டியே நின்றுவிடுகிறது. ‘மூட்டுக் குழிவாக்கம்’ என்று எழுதி வைத்தேன். எனக்கே பிடிக்கவில்லை.

கோவை:
குழிவாக்கம் வேண்டாம் டீச்சர். நான் பம்ப் தொழிலில் இருப்பவன், கேவிடேஷன் என்றாலே வயிற்றெரிச்சல். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்து தண்ணீரில் ஆவிக்குமிழ் கிளம்பும். அது உடைகிற இடத்தில், உள்ளே சுழலும் இம்பெல்லர் சக்கரத்தை அரித்துத் தின்றுவிடும். உள்ளே ஜல்லி உருளுகிற மாதிரி சத்தம் வரும். எங்களுக்கு நாசம், அந்தப் பிள்ளைக்குப் பிழைப்பு. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி?

யாழ்ப்பாணம்:
எனக்கு அதற்கு முந்திய சொல்லிலேயே இடறுகிறது. நாங்கள் கசியிழையம் என்று படித்ததைத் தமிழ்நாட்டில் குருத்தெலும்பு என்கிறீர்கள். எலும்பே ஆகாத ஒன்றை எலும்பு என்று சொல்லிவிட்டு, பிறகு அது எலும்பாகிறது என்று மாணவருக்கு எப்படி விளக்குவீர்கள்? மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தவர். சொல் இல்லை என்று சொல்வதற்கு முன் அந்தப் பக்கமும் ஒருக்கால் பாருங்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
நியாயம்தான் ஐயா. ஆனால் பாடநூலில் குருத்தெலும்பு என்றுதான் இருக்கிறது. வகுப்பில் பலருடைய அம்மாக்கள் கொழுந்து பறிக்கிறவர்கள். கொழுந்து, குருத்து என்றால் இளசு, வளையும், முற்றும் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தஞ்சாவூர்:
‘மூட்டு விள்ளல்’ என்று போடுங்கள். மொட்டு விள்ளும், பழம் விள்ளும். மூட்டுதல் என்பதே இணைப்பது. கைலியின் இரு முனையைச் சேர்த்துத் தைப்பதை மூட்டுவது என்போம். இங்கே மூட்டியதை விண்டால்தான் மூட்டு! விள் என்ற வேரிலிருந்துதான் விண், வெளி, விளிம்பு எல்லாம் கிளைத்தன என்பது என் கணக்கு. விலா எலும்பையும் இதில் சேர்க்க இடமுண்டு…

கோவை:
விலாவுக்கு வேறு ல, அண்ணே.

தஞ்சாவூர்:
லகர ளகர மயக்கம் தமிழுக்குப் புதிதா தம்பி?

(இதற்கு மேல் பதினோரு மடல்கள் விலாவைப் பற்றியே. நான் படிக்கவில்லை. இங்கே மூடுபனி, கரண்டும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. – கோ. ஆ.)

திருநெல்வேலி:
விள்ளல்னா எங்க ஊர்ல இட்லியை விண்டு வாயில போடறதுதான் டீச்சர். ‘மூட்டு விடுதல்’னு மட்டும் எழுதிராதீங்க, மூட்டு விட்டுப்போச்சுன்னா வைத்தியர்ட்ட ஓடணும். ஒரு சந்தேகம்: வயித்துல பிள்ளை புரளுறதுல அவ்வளவு விசையா இருக்கு?

கோத்தகிரி ஆசிரியை:
அவளிடமே கேட்டேன். ஏழெட்டு வாரத்திலேயே கரு அசையத் தொடங்கிவிடுமாம். தாய்க்குத் தெரிவது பதினாறு, இருபது வாரத்தில். ஸ்கேன் படப்பதிவை வைத்துக் கணினியில் கணித்ததில், உதையின் விசை 20ஆம் வாரத்தில் 29 நியூட்டன், 30ஆம் வாரத்தில் 47. அதாவது நாலே முக்கால் கிலோ கொழுந்தைத் தூக்கிப் பிடிக்கிற பாரம். 35ஆம் வாரத்தில் 17ஆக இறங்கிவிடுகிறது, உள்ளே இடம் நெருக்கடி. பனிக்குட நீர் குறைந்தாலோ பிள்ளை தலை மேலாகக் கால்மாறிக் கிடந்தாலோ இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போகும் வாய்ப்பு கூடுவதை இதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

யாழ்ப்பாணம்:
அப்படியெனில் ‘குழி’ அறவே கூடாது. இடுப்பு என்றதும் மூட்டுக்குழி என்பது பந்து பொருந்தும் கிண்ணத்தைக் குறித்துவிடும். இது இரண்டுக்கும் நடுவிலுள்ள வெளி. ‘மூட்டுவெளி திறத்தல்’ என்று நேராகவே எழுதலாமே.

கோவை:
எனக்குச் சம்மதம். அண்ணன் கணக்குப்படி வெளியும் விள்ளும் ஒரே வேர்தானே, அவருக்கும் நட்டமில்லை.

தஞ்சாவூர்:
அது சொல் அல்ல, சொற்றொடர். இப்படியே போனால் கலைச்சொல் அகராதியில் வாக்கியங்கள்தான் இருக்கும்.

திருநெல்வேலி:
புரிஞ்சா போதும். வெளி திறப்புக்கு என் ஓட்டு.

கோத்தகிரி ஆசிரியை:
மூன்றுக்கு ஒன்று. ‘மூட்டுவெளி திறப்பு’ என்றே படத்தில் ஏற்றிவிட்டேன், இனி மாற்ற நேரமில்லை. அனைவருக்கும் நன்றி.

தஞ்சாவூர்:
விள்ளலை நான் விடுவதாக இல்லை. அடுத்த படம் குருத்து எலும்பாக இறுகுவதுதானே? அதற்குக் ‘காழ்த்தல்’ இருக்கிறது. முள்மரம் ‘காழ்த்த இடத்து’ வெட்டுபவன் கையையே கொல்லும் என்று வள்ளுவர் சொல்லவில்லையா? எலும்பிலும் நடுப்பகுதியில் வெளிப்புறம்தானே முதலில் இறுகுகிறது. தொல்காப்பியர் சொன்ன புறக்காழ் அது!

கோத்தகிரி ஆசிரியை:
ஐயா, காழ்த்தல் என்றால் என் பிள்ளைகள் காழ்ப்புணர்ச்சி என்று படிப்பார்கள். அந்தப் படத்துக்கு எலும்பாக்கம் என்று எழுதி மூன்று நாளாகிறது. அதை நான் கேட்கவேயில்லை.