பழைய பீங்கான் பியூஸ் போர்டுக்குப் பதில் எம்.சி.பி. மட்டும் போட்டால் போதுமா?

கேள்வி: தஞ்சைவாசி

எங்கள் ஓட்டு வீட்டின் வயரிங் 1970களில் செய்யப்பட்டது. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் மரப்பலகை மீது பீங்கான் பியூஸ் கட்டைகள் இன்றும் இருக்கின்றன. நியூட்ரலுக்கும் தனியாக ஒரு கட்டை உண்டு. இப்போது ஏ.சி.யும் கீசரும் வைக்கப் போகிறோம். கட்டைகளைக் கழற்றிவிட்டு எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) மாட்டினால் போதும், வயரைத் தொட வேண்டியதில்லை என்று எலக்ட்ரீசியன் சொல்கிறார். அது சரிதானா?

மறுமொழி: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

போதாது, ஐயா. எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. அக்கால வீடுகளில் பெரும்பாலும் விளக்குக்கு 1/18, பிளக்குக்கு 3/20 வயர் இழுத்திருப்பார்கள் (முதல் எண் கம்பிகளின் எண்ணிக்கை, அடுத்தது கம்பியின் கேஜ்). முன்னது ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர், பின்னது 2. வயதான இந்த வயர்களுக்கு முறையே 6, 10 ஆம்பியர் எம்.சி.பி.க்கு மேல் நான் போடமாட்டேன். அடிக்கடி விழுகிறதே என்று 20 ஆம்பியர் மாட்டுவது, பியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிடும் பழைய வழக்கத்தின் புதுப்பதிப்புதான். ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டரிலும் கீசருக்கு 2.5 சதுர மில்லிமீட்டரிலும் போர்டிலிருந்தே புதிதாகத் தனி லைன் இழுங்கள். மீதி வயர்களை 500 வோல்ட் மெக்கர் (வயர் உறையின் காப்புத்திறனை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்து, 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டுவதை மாற்றிவிடுங்கள்.

நியூட்ரல் கட்டையை முதலில் அகற்றச் சொல்லுங்கள். அது மட்டும் உருகினால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் பேஸ் ஹோல்டர் வரைக்கும் வந்து நிற்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பவருக்கு அதுவே ஆபத்து.

ஆளைக் காப்பதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்புவதும் ஒத்துப்போகாவிட்டால் அது நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டித்துவிடும். ஓவர்லோடு அதற்குத் தெரியாது. ஒரே சமயத்தில் பேஸையும் நியூட்ரலையும் தொட்டவரை அதனால் காப்பாற்றவும் முடியாது. ஆகவே எம்.சி.பி.யும் கூடவே இருக்க வேண்டும்.

மறுமொழி: வயரிங் ஒப்பந்ததாரர், திருச்சி

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டருக்குப் பேஸை மட்டும் பிரித்துவிட்டு, நியூட்ரலை எல்லாச் சுற்றுக்கும் பொதுவாக விட்டிருப்பார்கள். பியூஸ் கட்டை இருந்தவரை அது வெளியே தெரிந்திராது. ஆர்.சி.சி.பி. மாட்டியதும், ஒரு சுற்றின் மின்சாரம் வேறு நியூட்ரல் வழியாகத் திரும்புவதால், பேன் போட்டாலே விழும். உடனே "பொருள் மட்டம்" என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள்! உண்மையில் நியூட்ரல்களைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் இந்த வேலையில் நேரமும் கூலியும் அதிகம் பிடிக்கும் பகுதி. கூலி பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

தஞ்சைவாசி

இருவருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் பிளக்குகளுக்கு எர்த் வயரே இல்லை. அப்படியிருந்தாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

செய்யும். ஆனால் எர்த் இருந்தால், கிரைண்டரின் உடம்பில் கசிவு வந்ததுமே அது விழுந்துவிடும். இல்லாவிட்டால், யாராவது அதைத் தொட்ட பிறகுதான் விழும். எனவே எர்த் குழி போட்டு ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயர் இழுத்துவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மீட்டருக்கு முன்னால் இருக்கும் சீல் வைத்த கட்அவுட்டை (மின்வாரியத்தின் பியூஸ்) உங்கள் எலக்ட்ரீசியன் தொடக்கூடாது, ஏ.சி. வருவதால், கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பிக்கும்போது அதையும் அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.