க்யூரேஷனுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பாளை டீச்சர், திங்கள் இரவு

குழுவில் எல்லாருக்கும் வணக்கம். எங்கள் துறையில் எம்.எஸ்ஸி. பிள்ளைகள் பதினாறு பேர் இந்தப் பருவத்தில் விக்கித்தரவில் (யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இணையத் தரவுத்தளம்) வேதிப்பொருள்களுக்குத் தமிழ்ப்பெயர் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே இருக்கிற பதிவுகளில் பிழையும் பார்க்கிறார்கள். அவர்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும். ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது, க்யூரேஷன். தரவைச் சரிபார்த்து, பிழை களைந்து, ஒழுங்குபடுத்துகிற வேலை. 'திருத்தம்' என்று போட்டேன், போதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் ஒரு பிள்ளை 'மயில்துத்தம்' என்ற பெயரைக் காப்பர் சல்பேட் உருப்படியில் ஏற்றினாள். அதில் இருந்த சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தருகிற அடையாள எண்) 7758-98-7. அது நீரில்லாத காப்பர் சல்பேட், வெள்ளைப் பொடி. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்று காகிதத்தில் மடித்துத் தருகிற நீலக் கட்டி வேறு. ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம் அது, எண் 7758-99-8. சிஏஎஸ் எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அதை விட்டுவிட்டு மற்ற இலக்கங்களை வலமிருந்து 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டினால், முதலாவதுக்கு 147, இரண்டாவதுக்கு 148. கடைசியில் நிற்கிற 7, 8 இரண்டும் பொருந்துகின்றன. ஆக, எண்ணில் பிழையே இல்லை. எந்த நிரலும் இதைப் பிடிக்காது. சோதனைக் குழாயில் நீலக் கல்லைப் போட்டுச் சூடாக்கி, அது வெளுத்துப் பொடியாவதைப் பார்த்தவளுக்குத்தான் 'வெள்ளையை மயில் என்று எவன் சொல்வான்' என்று உறைக்கும்.

இந்த வேலைக்குப் பெயர் கேட்கிறேன்.

பொருநைக்கரையான், செவ்வாய் காலை

அம்மா, அருங்காட்சியகத்தில் இருப்பவரைக் 'காப்பாட்சியர்' என்று அரசே எழுதுகிறது. அந்த வழியில் 'காப்பாட்சி' எனலாம். எனக்கோ அதைவிட 'பேணுகை' பிடிக்கும். லத்தீனில் 'கூரா' என்றால் கவனித்துப் பேணுதல். மூலத்துக்கு நேர் நிற்கிற சொல் இது. பேண் என்ற வேரின் பெருமை பலருக்குத் தெரிவதில்லை. பெண் என்ற சொல்லே பேண் என்பதிலிருந்து வந்தது என்று நான் நாற்பது ஆண்டாகச் சொல்லி வருகிறேன். உயிரைப் பேணுபவள் பெண். 'ஓம்பு' என்பதையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விருந்தோம்பல், குடியோம்பல் என வரும். 'தரவோம்பல்' என்று சொல்லிப் பாருங்கள், காதுக்கு எவ்வளவு இனிமை! ஓம்பு என்பதற்கு 'நீக்கு' என்ற பொருளும் உண்டு. அது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

தேரிக்காட்டான், செவ்வாய் மதியம்

> தரவோம்பல் என்று சொல்லிப் பாருங்கள்

சொல்லிப் பார்த்தேன் அய்யா. பக்கத்து சீட்டில் இருந்தவன் "என்னல, உடம்புக்குச் சரியில்லையா?" என்று கேட்டான்.

பேணுவது என்றால் இருக்கிறதைக் கெடாமல் வைப்பது. உடன்குடிக் கருப்பட்டியைக் கசியாமல் இருக்க அடுப்படிப் பரணில் போட்டு வைப்போமே, அது பேணுகை. டீச்சர் கேட்பது அது இல்லை. கெட்டது எது, நல்லது எது என்று பிரிக்கிற வேலை. அதற்கு நம்ம வீட்டிலேயே சொல் கிடக்கிறது: கொழித்தல்.

எங்க ஆச்சி சொளவில் (முறத்தில்) அரிசியைப் போட்டால் முதலில் புடைப்பாள், உமியும் தூசியும் பறக்கும். அதோடு விடமாட்டாள். சொளவைக் கொஞ்சம் சாய்த்துப் பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டுவாள். அரிசி ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம், கல் தனியாக ஓரத்தில் வந்து நிற்கும். கண் சொளவில் இருக்காது, வாசலில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே இருப்பாள். அந்த இரண்டாவது ஆட்டுதான் கொழித்தல். புடைக்கிறதை நிரல் செய்யும், கொழிக்க ஆள் வேணும். டீச்சரின் 147-ம் 148-ம் புடைத்ததில் தப்பின கல்.

இன்னொன்று. கொழிப்பு என்றால் செழிப்பும்தானே? கையேடு சேர்க்கவும் சொல்கிறது, சீர்பண்ணவும் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல். 'தரவுக் கொழிப்பு'.

பொருநைக்கரையான், செவ்வாய் மாலை

தம்பி, புலவர்கள் 'கொழிதமிழ்' என்றார்கள், அதனால் வேர் எனக்கும் உடன்பாடே. ஆனால் இன்று 'பணத்தில் கொழிக்கிறான்' என்பதுதான் வழக்கு. தரவுக் கொழிப்பு என்றால் தரவு தின்று கொழுத்துக் கிடப்பதாகத் தோன்றும். 'தெள்ளல்' எனலாம். தெள்ளுதலும் கொழித்தலே, அதே அடியில்தான் தெளிவும் தெள்ளிய தேனும் நிற்கின்றன.

தேரிக்காட்டான்

தெள்ளல்னா எங்க பக்கம் பிள்ளைகள் தெள்ளுப்பூச்சியைத்தான் நினைக்கும் அய்யா.

வேளச்சேரி நெல்லைக்காரன், புதன் காலை

பிழைப்புக்கே தரவுத்தளத்தோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சொளவு உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. கொழித்தபின் கல்லை என்ன செய்வோம்? வாசலில் எறிவோம். இந்த வேலையில் எதையும் எறியக்கூடாது.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 2004-ல் தொடங்கிய வேதிப்பொருள் தரவுத்தளமான பப்கெம்மை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் பல இடங்களிலிருந்து பதிவு கொடுக்கிறார்கள். கொடுத்தவர் கொடுத்தபடியே ஒரு 'சப்ஸ்டன்ஸ்' பதிவு நிற்கும், அதற்கு ஒரு எண். பிறகு அமைப்பை ஒழுங்குபண்ணிப் பார்த்து, ஒரே மூலக்கூறு என்று தெரிந்ததை எல்லாம் ஒரு 'காம்பவுண்ட்' பதிவின்கீழ் கட்டுகிறார்கள், அதற்கு வேறு எண். தண்ணீருக்கு 962. எத்தனை பேர் எத்தனை பெயரில் தண்ணீரைக் கொடுத்தாலும் கடைசியில் 962-க்குத்தான் வரணும். யார் என்ன சொன்னார் என்பதும் அழியாது, எது சரி என்று தேறினதும் தெரியும்.

இது ஏட்டுச்சுவடிப் பதிப்பு வேலை. உ.வே.சா. ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளில் ஏடு தேடினாரே, கிடைத்த ஏட்டில் பிழையான பாடம் இருந்தால் அதை அடுப்பிலா போட்டார்? அடிக்குறிப்பில் பாடபேதம் காட்டினார். ஆகவே என் ஓட்டு 'செப்பம்'. தரவைச் செப்பம் செய்தல். செப்பமிடுபவர். வினை, பெயர், ஆள் மூன்றுக்கும் வருகிறது. பாடநூல் படித்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம்.

பாளை டீச்சர், புதன் மதியம்

> 'சப்ஸ்டன்ஸ்' … 'காம்பவுண்ட்'

நான் இவற்றைப் 'பொருள்', 'சேர்மம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

வேளச்சேரி நெல்லைக்காரன்

அய்யோ டீச்சர். அங்கே தனிமமான ஆக்சிஜனும் காம்பவுண்ட்தான், எண் 977. அதைச் சேர்மம் என்று அச்சடித்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கைதட்டிச் சிரிக்கும்.

பாளை டீச்சர்

ஒரு சொல் கேட்டு வந்தேன், இருந்ததும் போச்சு.

பொருநைக்கரையான், புதன் இரவு

'கூற்றுரு' எனலாம். அல்லது 'மூலகை'. இதைச் சொல்லும்போது ஒரு செய்தி. நெல்லையில் இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளை முன்னின்று உழைத்து, 1938-ல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. வடசொல்லை விலக்கித் தமிழ் வேரில் சொல்லாக்க முடியும் என்று காட்டியது இந்த மண். இங்கிருந்துகொண்டு 'க்யூரேஷன்' என்று எழுதத் துணிவது…

தேரிக்காட்டான்

யாரும் துணியலையே அய்யா. ஆனாலும் இதே மண்ணில் பெருங்குளத்தில் பிறந்தவர்தான் பெ.நா. அப்புசுவாமி. படிக்கிறவனுக்குப் புரியணும் என்பதற்காகவே ஆயுள் முழுக்க அறிவியலை எழுதினார். எங்க தாத்தா பிராணவாயு படித்தார், அப்பா உயிர்வளி படித்தார், நான் ஆக்சிஜன் படித்தேன். மூன்று பேரும் ஒரே காற்றைத்தான் இழுத்தோம். 'மூலகை' என்றால் மூலிகைக்கு எழுத்துப்பிழை என்று என் மகளே திருத்திவிடுவாள். தரவைச் செப்பம் செய்கிற பிள்ளையாச்சே.

(பார்த்தீர்களா, நானே 'செப்பம்' என்று எழுதிவிட்டேன். இருந்தாலும் கொழிப்பை விடமாட்டேன். எறியணும் என்று யார் சொன்னது? நொய்யை யாரும் எறிவதில்லை. கஞ்சிக்கு ஆகும்.)

பாளை டீச்சர், வியாழன் மாலை

வகுப்பில் கை தூக்கச் சொன்னேன். செப்பம் ஒன்பது. கொழிப்பு ஐந்து, ஐந்தும் விடுதிப் பிள்ளைகள், ஊரில் சொளவு பார்த்தவர்கள். 'க்யூரேஷன்னே இருக்கட்டும் மேடம்' இரண்டு. பேணுகைக்குக் கை எழவில்லை, அய்யா மன்னிக்கணும். செப்பத்திலும் ஒரு சிக்கல் வந்தது. "மேடம், காப்பர் சல்பேட் செப்பம்னு எழுதினா செம்புன்னு நினைச்சிட மாட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். செப்பேடு, செப்புக்குடம் எல்லாம் அவள் தப்பா?

செப்பம் என்றே வைத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'க்யூரேஷன் என்று சொல்லப்படுவது' என்று ஒரு வரி. சப்ஸ்டன்ஸ், காம்பவுண்ட் இரண்டும் தமிழ் எழுத்தில் அப்படியே போகின்றன. அடுத்த பதிப்புக்குள் யாராவது யோசியுங்கள்.

பொருநைக்கரையான், வெள்ளி காலை

என் மாற்றுக்கருத்து பதிவாகட்டும். பெரும்பான்மையால் சொல்லின் தகுதி கூடாது. நிற்க. நீங்கள் அனுப்பிய கோப்பின் மூன்றாம் பக்கத் தலைப்பில் 'தரவு செப்பம்' என்று இருக்கிறது. தரவுத்தளம் என்பதில் ஒற்று மிகுவதுபோல் இங்கும் மிகும். 'தரவுச் செப்பம்' என்றே வர வேண்டும். திருத்திவிடுங்கள்.

பாளை டீச்சர், வெள்ளி மதியம்

அய்யா, பிளேட் போட்டாச்சாம்.