குச்சியில் ஒரு பெயர், சாடியில் வேறு கற்றாழை

உரும்பிராயிலிருந்து:
இரண்டு வருடத்துக்கு முதல் “விசிறிக் கற்றாழை” என்று குச்சி குத்தியிருந்த ஒரு கன்றை 1,500 ரூபா கொடுத்து வாங்கினேன். விதை போட்டு முளைப்பித்தது என்று விற்றவர் சொன்னார். விரல் நீளம்தான், இலைகள் இடமும் வலமுமாக இரண்டே வரிசையில் நின்றன. படத்தில் பார்த்த விசிறிக் கற்றாழையும் அப்படித்தானே நிற்கிறது, சந்தேகமே வரவில்லை. போன மாரி முடிந்து தை மாதம் சாடி மாற்றும்போது மேலேயிருந்து பார்க்கிறேன், நடுக்குருத்து கொஞ்சம் திரும்பி நிற்கிறது. வெயில் பக்கம் சாய்கிறதாக்கும் என்று சாடியைத் திருப்பி வைத்தேன். அடுத்த இலை இன்னும் திரும்பியது, அதற்கடுத்தது இன்னும். இப்போது சுற்றிவர இலை.

பிறகுதான் விளங்கியது, விதையில் வரும் கற்றாழை அநேகமாக எல்லாமே சின்னதில் இரண்டு வரிசையாகத்தான் இலை விடும், வளர வளரத்தான் சுற்றத் தொடங்கும். உண்மையான விசிறிக் கற்றாழை (தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மலைகளில் வளர்வது, 2013 இல் அலோ என்ற கற்றாழைப் பேரினத்திலிருந்து பிரித்து குமாரா என்று வேறாக்கிவிட்டார்கள்) எத்தனை வயதானாலும் சுற்றாது. அதன் இலை நுனி மொட்டை, விளிம்பில் முள் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இராது. என்னுடையதில் வாங்கிய அன்றே விளிம்பு முழுக்கக் குட்டிக்குட்டி முள். நான் குச்சியைத்தான் வாசித்தேன், இலையைப் பார்க்கவில்லை.

கோண்டாவிலிலிருந்து:
விற்றவரைக் குறை சொல்ல முன்னம் என் கதையையும் கேளுங்கள் அண்ணை. குச்சியும் என்னுடையது, எழுத்தும் என்னுடையது, பிழையும் என்னுடையதுதான். வளவில் இரண்டு சாதிக் கற்றாழை பக்கத்துப் பக்கத்தில் பூத்தன, விடிந்தால் தேன்சிட்டு இரண்டிலும் மாறி மாறி இருக்கும். காய் வெடிக்க முதல் நூலால் கட்டி வைத்து, செட்டை வைத்த கறுத்த விதைகளை எடுத்து, தயிர்ச்சட்டியில் மணலும் தும்புத்தூளும் கலந்து போட்டு, தாய்க்கன்றின் பெயரையே எழுதிக் குத்தினேன். ஒரே காயிலிருந்து பதினொரு கன்று, ஒன்றைப்போல ஒன்று இல்லை. அநேகமான கற்றாழைகள் தன் மகரந்தத்தில் தானே காய்க்காதாம், வேறு ஒன்றின் மகரந்தம் வேண்டும். அப்ப என் வளவில் அது எதிலிருந்து வந்திருக்கும்? இப்போது தாயின் பெயருக்குப் பக்கத்தில் “கலப்பு” என்றும் எழுதுகிறேன், அதுவும் பென்சிலால். மார்க்கர் மை எங்கள் வெயிலுக்கு ஒரு வருடமும் நிற்கவில்லை.

சாவகச்சேரியிலிருந்து:
எனக்குச் சொந்தக்காரர் சோற்றுக்கற்றாழை என்று தந்த கன்று உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. சோற்றுக்கற்றாழையும் சின்னதில் புள்ளி போடும், வளர மறையும் என்று தெரியும், அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறையவில்லை. இலை அகன்று குட்டையாக வந்தது, முள் கபில நிறத்தில் நல்ல கடினம். இதற்கிடையில் அம்மா ஒரு இலையை வெட்டி முகத்தில் பூசி, அன்று முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தார். பூத்த பிறகுதான் முடிவு தெரிந்தது. சோற்றுக்கற்றாழைக்கு நீளக் கதிரில் மஞ்சள் பூ, இதற்கு மேலே தட்டையான குடை மாதிரி செம்மஞ்சள் கொத்து. அலோ மக்குலாட்டா, சவர்க்காரக் கற்றாழை என்றும் சொல்வார்களாம். சாற்றைத் தண்ணீரில் கலக்கிப் பார்த்தேன், நுரைக்கிறது!

மானிப்பாயிலிருந்து:
எனக்கு வந்தது கற்றாழையே இல்லை, ஆனைக்கற்றாழை (அகேவ், பெயரில் மட்டும்தான் கற்றாழை). இலையை முறித்தால் சோறு வரவில்லை, நார் வந்தது. அவ்வளவுதான் கதை.

உரும்பிராயிலிருந்து:
சாவகச்சேரி அக்கா முள்ளைப் பற்றிச் சொன்ன பிறகு என்னுடையதை வடிவாகப் பார்த்தேன். இலையின் முதுகிலும் முள் வைக்கத் தொடங்கியிருக்கிறது. அலோ ஃபெரோக்ஸ் அல்லது மார்லோத்தி என்று நினைக்கிறேன், இரண்டும் இளமையில் அப்படித்தான். கலப்பாகவும் இருக்கலாம், பூக்கும் மட்டும் எதுவும் எழுதாமல் குச்சியை வெறுமையாக விட்டிருக்கிறேன். இரண்டுமே ஆள் உயரத்துக்கு மேல் வளரும் சாதி. “உதை எங்கை வைக்கப் போறியள்?” என்று வீட்டில் கேட்கத் தொடங்கியாச்சு.